காஞ்சனபுரி: பதிவேட்டில் இல்லாத பெயர்கள்

(இது எங்கள் பாட்காஸ்ட் எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம்.)

 

போன மாசம் நானும் ரெண்டு ஃப்ரெண்ட்ஸும் தாய்லாந்து போயிருந்தோம். போட்டோவெல்லாம் பார்த்துட்டு நிறைய பேர் "பாங்காக் எபிசோட் எப்போ?" என்று கேட்டிருந்தீங்க. ஸ்ட்ரீட் ஃபுட், நைட் மார்க்கெட் எல்லாம் இன்னொரு நாள் சாவகாசமா பேசலாம். இன்னைக்கு நான் பேசப் போறது அந்தப் பயணத்தின் ஒரே ஒரு நாளைப் பற்றி.

பாங்காக்கில் இருந்து மேற்கே சுமார் 130 கிலோமீட்டர் தள்ளி காஞ்சனபுரி என்று ஒரு ஊர் இருக்கு. பெயரைக் கேட்டாலே நம்ம ஊர் மாதிரி இருக்கு இல்லையா? அங்கே இருக்கும் 'குவாய் நதிப் பாலம்' உலகம் முழுக்கப் பிரபலம். அதைப் பார்க்கத்தான் போனோம்.

போர், படுகொலை, சிறை, பேரழிவு நடந்த இடங்களுக்குச் சுற்றுலா போவதை 'டார்க் டூரிஸம்' என்று சொல்றாங்க. 1996-இல் கிளாஸ்கோவைச் சேர்ந்த ரெண்டு பேராசிரியர்கள் இந்தப் பெயரை வைத்தார்கள். ஒருத்தர் மால்கம் ஃபோலே, இன்னொருத்தர் ஜான் லென்னன். இல்லை, பீட்டில்ஸ் லென்னன் இல்லை, இவர் வேற! போலந்தில் ஆஷ்விட்ஸ், கம்போடியாவில் துவோல் ஸ்லெங், ஜப்பானில் ஹிரோஷிமா என்று இந்தப் பட்டியல் பெருசு. காஞ்சனபுரியும் அதில் ஒண்ணு. ஆனா அந்த ஊர் மேல நமக்கு ஒரு தனிக் கணக்கு இருக்கு. அது எனக்கு அங்கே போகும் வரை சரியாத் தெரியாது.

முதல்ல பாலம்

காலையில் பாங்காக்கின் தோன்புரி ஸ்டேஷனில் ரயில் ஏறினோம். மூணாம் வகுப்பு, மர சீட், மேலே ஃபேன். வெளிநாட்டுக்காரங்களுக்கு 100 பாட் டிக்கெட். ஜன்னலோரம் கரும்புத் தோட்டம், வாழை, கோயில் கோபுரம். சுகமான பயணம்.

பாலத்துக்கிட்ட இறங்கினா ஒரே திருவிழாக் கூட்டம். இளநீர்க் கடை, டி-ஷர்ட் கடை, ஆற்றில் மிதக்கிற ரெஸ்டாரன்ட். பாலத்து மேல நடந்தே போகலாம். ரயில் வந்தா ஒதுங்கி நிற்க ஓரத்தில் சின்னச் சின்ன மேடை கட்டியிருக்காங்க. எல்லாரும் தண்டவாளத்தில் நின்று செல்ஃபி எடுக்கிறாங்க. நானும் எடுத்தேன். தண்டவாளத்தில் உட்கார்ந்து, ரெண்டு விரலைக் காட்டி, பல்லைக் காட்டி.

இந்தப் பாலத்தைப் பிரபலமாக்கியது ஒரு சினிமா. பியர் பூல் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் 1952-இல் எழுதிய நாவலை வைத்து, 1957-இல் டேவிட் லீன் எடுத்த படம். ஏழு ஆஸ்கார் வாங்கிச்சு. அதில் ஒரு வேடிக்கை என்னன்னா, படத்தை எடுத்தது தாய்லாந்தில் இல்லை, இலங்கையின் கித்துல்கலவில். இன்னொரு வேடிக்கை, நிஜப் பாலம் இருந்த ஆற்றின் பெயர் அப்போ குவாயே இல்லை, மே க்லாங். படம் பார்த்துட்டு வந்த டூரிஸ்டுகள் "குவாய் நதி எங்கே?" என்று கேட்டுக் கேட்டு, 1960 வாக்கில் ஆற்றின் அந்தப் பகுதிக்குப் பெயரையே 'குவாய் யாய்' என்று மாற்றிட்டாங்க. சினிமாவுக்காக ஒரு ஆறு பெயர் மாற்றிக்கொண்ட கதை இது!

படத்தின் கடைசியில் கமாண்டோக்கள் பாலத்தைத் தகர்த்துடுவாங்க. நிஜத்தில் அப்படி நடக்கலை. பாலம் 1943-இல் முடிந்தது, அதில் ரயில் ஓடியது. போரின் கடைசிக் கட்டத்தில் நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்டுத்தான் உடைத்தன. இன்னைக்கு நீங்க பார்க்கும்போது வளைவு வளைவாக இருக்கும் இரும்புச் சட்டங்கள் பழசு, ஜாவாவில் இருந்து கொண்டு வந்தவை. நடுவில் கோணலாக நிற்கும் ரெண்டு பகுதி போருக்குப் பிறகு மாற்றியவை.

படத்தில் அந்த ரயில் பாதையைப் போடுவது பிரிட்டிஷ் போர்க் கைதிகள். படம் பார்த்த யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வாங்க. நிஜத்தில் போட்டது யார்?

ஒரு ரயில் பாதை எதுக்கு?

1941 டிசம்பர் 8. ஜப்பான் மலாயாவில் இறங்குது. பத்தே வாரத்தில், 1942 பிப்ரவரி 15-ஆம் தேதி, சிங்கப்பூர் விழுந்தது. பல்லாயிரம் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, இந்தியச் சிப்பாய்கள் கைதானார்கள். அடுத்து பர்மாவும் ஜப்பான் கைக்கு வந்தது. அங்கிருந்து இந்தியா பக்கத்து வீடு.

ஆனா பர்மாவில் இருக்கும் படைக்கு அரிசி, ஆயுதம், ஆள் எல்லாம் அனுப்பணுமே? கடல் வழியா அனுப்பினா மலாக்கா நீரிணையைச் சுற்றி ரங்கூனுக்குப் போகணும். நேச நாட்டு நீர்மூழ்கிக் கப்பல்கள் அந்தப் பாதையில் காத்துக்கொண்டு இருந்தன. அதனால தாய்லாந்தின் பான் போங் பக்கத்தில் இருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரைக்கும், மலையையும் காட்டையும் வெட்டி 415 கிலோமீட்டருக்கு ரயில் பாதை போட முடிவு செய்தார்கள். பிரிட்டிஷ்காரர்கள் முன்னாடியே யோசித்து, கட்டுப்படியாகாது என்று கைவிட்ட பாதை அது.

1942 நடுவில் வேலை தொடங்கியது. 1943 அக்டோபர் 17-ஆம் தேதி ரெண்டு பக்கத்துத் தண்டவாளமும் காட்டுக்குள் சந்தித்தன. பெரிய இயந்திரம் எதுவும் கிடையாது. மண்வெட்டி, கூடை, உளி, சுத்தியல், வெடிமருந்து, கொஞ்சம் யானைகள். மற்றபடி எல்லாம் மனுஷ உடம்புதான்.

சுமார் 61,000 போர்க் கைதிகள் இதில் வேலை செய்தார்கள். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு, கொஞ்சம் அமெரிக்கச் சிப்பாய்கள். அவர்களில் 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஐந்தில் ஒருவர். கொடூரமான எண்ணிக்கைதான், சந்தேகமே இல்லை.

ஆனா அவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக வேலை செய்தவர்கள் ஆசியக் கூலித் தொழிலாளர்கள். ஜப்பானியர்கள் வைத்த பெயர் 'ரோமுஷா'. பர்மியர்கள், ஜாவாக்காரர்கள், மலாய்க்காரர்கள், சீனர்கள், அப்புறம் நம்ம தமிழர்கள். மொத்தம் ரெண்டு லட்சம் பேர் வரை இருக்கலாம் என்று பொதுவாகச் சொல்வார்கள். இறந்தவர்கள் சுமார் 90,000 என்பது அடிக்கடி சொல்லப்படும் கணக்கு. மலாயாவில் இருந்து மட்டும் 78,000 பேரைக் கொண்டு போனதாக ஜப்பானியக் கணக்கு சொல்லுது. அதில் பெரும்பான்மை தமிழர்கள். உண்மையில் லட்சத்துக்கு மேல் என்பது மலேசியத் தமிழர்களில் பலருடைய வாதம்.

கவனிச்சீங்களா? கைதிகளைப் பற்றிப் பேசும்போது எண்ணிக்கை உறுதியா வருது. தொழிலாளர்கள் என்று வந்ததும் 'சுமார்', 'இருக்கலாம்', 'வாதம்' என்று ஆயிடுது. ஏன்னு அப்புறம் சொல்றேன்.

சயாமுக்குப் பிடிச்சுட்டுப் போயிட்டாங்க

மலாயாவில் தமிழர்கள் எப்படி வந்தாங்க என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ரப்பர் தோட்டங்களுக்காக பிரிட்டிஷ்காரர்கள் நம்ம ஊர்களில் இருந்து கங்காணிகள் மூலமா ஆள் சேர்த்துக் கப்பலில் ஏற்றினார்கள். ஜப்பான் வந்ததும் ரப்பர் வாங்க ஆள் இல்லை. அதை வாங்கிக்கொண்டிருந்த அமெரிக்காவும் பிரிட்டனும் இப்போ எதிரி நாடுகள். தோட்டங்கள் படுத்துடுச்சு, கூலி நின்னுடுச்சு, அரிசிக்குத் தட்டுப்பாடு.

அந்த நேரத்தில்தான் ஆள் எடுப்பு வந்தது. மூணு மாச வேலை, நாளுக்கு ஒரு டாலர் கூலி, சாப்பாடு, இடம், வைத்தியம் எல்லாம் இலவசம் என்று சொன்னார்கள். பசியில் இருக்கிறவனுக்கு இதைவிட என்ன வேணும்? முதலில் சிலர் தாங்களாகவே போனார்கள். மூணு மாசம் முடிந்தும் யாரும் திரும்பி வரவில்லை. செய்தி பரவியதும் ஆள் வருவது நின்றது. 1943 ஏப்ரலில் இருந்து பெரிய அளவில் ஆள் தேவைப்பட்டபோது, தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கணக்குப் போட்டுக் கேட்டார்கள். ரோட்டில் போனவர்களை லாரியில் ஏற்றினார்கள். இலவச சினிமா என்று கூப்பிட்டு, கொட்டகைக் கதவைச் சாத்தி, உள்ளே இருந்த ஆண்களை அப்படியே ரயிலில் ஏற்றிய சம்பவங்களும் நடந்தன. படம் பார்க்கப் போனவர் வீடு திரும்பவில்லை.

மூடின சரக்கு வேகனில் நாள்கணக்காகப் பயணம். பிறகு காட்டுக்குள் நடை. 1943 மே மாதம் மழையோடு காலராவும் வந்தது. போர்க் கைதிகளின் முகாம்களில் அவர்களுடைய ராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள். எட்வர்ட் 'வீரி' டன்லப் என்ற ஆஸ்திரேலிய மருத்துவரின் பெயர் இன்னைக்கும் அங்கே எல்லா மியூசியத்திலும் இருக்கும். மருந்து இல்லாவிட்டாலும், தண்ணியைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்கணும், கழிவுக் குழியைத் தள்ளி வெட்டணும் என்ற ஒழுங்காவது அங்கே இருந்தது. கூலி லைன்களில் அதுகூட இல்லை. மருத்துவர் இல்லை, அதிகாரி இல்லை, சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. சில முகாம்களில் குடும்பத்தோடு வந்தவர்களும் இருந்தார்கள். காலரா அங்கே புகுந்தால் முகாமே காலி.

மலேசியாவில் பழைய ஆட்கள் இன்னைக்கும் இதை 'சயாம் ரயில்' என்றுதான் சொல்வாங்க. ஆர். சண்முகம் என்ற மலேசிய எழுத்தாளர் 'சயாம் மரண ரயில்' என்ற பெயரில் ஒரு நாவலே எழுதியிருக்கார். கிடைத்தால் படிங்க.

பதிவேடு

மத்தியானம் ஊருக்குள் இருக்கும் போர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். அவ்வளவு அழகாப் பராமரிக்கிறாங்க. வெட்டி விட்ட புல், வரிசை வரிசையாகத் தாழ்வான கல், ஒவ்வொன்றிலும் ஒரு வெண்கலத் தகடு. பெயர், படைப்பிரிவு, இறந்த தேதி, வயசு. கீழே குடும்பத்தார் சொல்லி எழுதிய ஒரு வரி. 22, 24, 31 என்று வயசைப் படிச்சிட்டே போனேன். அதில் பல பேர் என்னைவிடச் சின்னவங்க.

கிட்டத்தட்ட 7,000 பேர் அங்கே இருக்காங்க. வாசலில் ஒரு பதிவேடு இருக்கு. பெயரைத் தேடினா எந்த வரிசை, எந்தக் கல் என்று வந்துடும். வயசான ஒரு வெள்ளைக்காரத் தம்பதி அதைப் பார்த்து, தாளில் குறித்துக்கொண்டு, நேரா நடந்து போய் ஒரு கல் முன்னாடி நின்றதைப் பார்த்தேன். அந்த அம்மா குனிந்து தகட்டை விரலால் துடைச்சாங்க.

அந்த வாசல் கட்டடத்திலேயே இந்தியர்கள் 11 பேரின் பெயரும் இருக்கு. தாய்லாந்தில் வேறு இடுகாடுகளில் அடக்கமாகி, கல்லறையைப் பராமரிக்க முடியாமல் போன இந்திய ராணுவ வீரர்கள். அதைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் சந்தோஷமா இருந்தது. அப்புறம்தான் உறைச்சுது. அவங்க சிப்பாய்கள். அதனாலதான் பெயர் இருக்கு.

இங்கேதான் அந்த 'சுமார்' விஷயம். போர் முடிந்ததும், 1945 செப்டம்பரில், ஒரு குழு அந்த ரயில் பாதை நெடுகப் போய்க் கல்லறைகளைத் தேடியது. 144 இடுகாடுகள், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளைக் கண்டுபிடித்தது. எப்படி முடிந்தது? கைதிகள் ஒரு ராணுவமாக இருந்தார்கள். யார் செத்தது, எங்கே புதைத்தது என்று ஜப்பானியருக்குத் தெரியாமல் பட்டியல் எழுதி மறைத்து வைத்திருந்தார்கள். அந்தக் குழு தேடியதும் அவர்களைத்தான். கூலிகளின் குழிகளைத் தேடுவது அவர்களுக்குக் கொடுத்த வேலை இல்லை. தோட்டத்துத் தொழிலாளிக்குப் பட்டியல் எழுத யாரும் இல்லை. காலராவில் செத்தவர்களை மொத்தமா எரித்தார்கள், மொத்தமா புதைத்தார்கள்.

ஊரில் 'ஜீத்' என்று ஒரு பழைய மியூசியம் இருக்கு. 1977-இல் ஒரு புத்த விகாரையின் தலைமைப் பிக்கு தொடங்கியது. கைதிகள் இருந்த மூங்கில் குடிசை மாதிரியே கட்டியிருக்காங்க. அந்தப் பெயர், ஜப்பான், இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, தாய்லாந்து, ஹாலந்து ஆகிய நாடுகளின் முதல் எழுத்துக்களைச் சேர்த்து வைத்தது. மலாயா, பர்மா, ஜாவா எதுக்கும் அதில் எழுத்து இல்லை. நான் குறையாச் சொல்லல. கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே தாய்லாந்து–பர்மா ரயில்வே மையம் என்று இன்னொரு மியூசியம் இருக்கு. அங்கே ஆசியத் தொழிலாளர்களைப் பற்றியும் பேசுறாங்க. நேரம் குறைவா இருந்தா அதை மட்டுமாவது பாருங்க.

தமிழில் ஒரு கல்

பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு நினைவுத் தூண் இருக்கு. பெரும்பாலான டூரிஸ்டுகள் அந்தப் பக்கம் வருவதில்லை. 1944-இல் கட்டியது. அதன் சுற்றுச் சுவர்களில் பல மொழிகளில் பலகை வைத்திருக்காங்க. அதில் ஒன்று தமிழ். இந்த ரயில் வேலையில் இறந்தவர்களுக்கு அஞ்சலி செலுத்தும் பலகை.

கட்டியது யார் தெரியுமா? ஜப்பானிய ராணுவம். ஆளைப் பிடித்துக் கொண்டு போய் வேலை வாங்கிச் சாகடித்த அதே ராணுவம். போர் முடியாத காலத்திலேயே கட்டிட்டாங்க. பிரிட்டிஷ்காரன் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தான், ஆனா செத்த பிறகு கணக்கெடுக்கல. ஜப்பான்காரன் சாகடிச்சான், ஆனா தமிழில் கல் வெச்சான். அந்தப் பலகை முன்னாடி நின்னுட்டு எனக்குக் கோபப்படறதா, என்ன பண்றதுன்னே தெரியல.

அப்பாவுக்கு ஒரு போன்

இப்போ என் சொந்தக் கதை ஒன்று. எங்க அப்பத்தாவோட அண்ணன் புதுக்கோட்டைப் பக்கத்தில் இருந்து மலாயா போனவர். தோட்ட வேலை. அவ்வப்போது மணியார்டர் வரும், கடிதம் வரும். ஜப்பான் வந்த பிறகு ரெண்டுமே நின்னுடுச்சு. போர் முடிந்தும் வரல. அப்பத்தா இருந்தவரைக்கும், அண்ணனுக்குத் திதி கொடுக்கணுமா வேண்டாமா என்று வருஷா வருஷம் ஆடி அமாவாசைக்கு ஒரு பேச்சு வரும். "செத்தான்னு யாரு பார்த்தா?" என்று சொல்லி அப்பத்தா ஒரு தடவைகூடக் கொடுக்க விடல.

அவர் இந்த ரயிலுக்குத்தான் போனார் என்று நான் சொல்ல வரல. அந்தக் காலத்தில் மலாயாவில் பசியிலும் காய்ச்சலிலும் செத்தவங்களும் நிறைய. அதை உறுதிப்படுத்த ஒரு வழியும் இல்லை என்பதைத்தான் சொல்றேன். அந்த வெள்ளைக்காரத் தம்பதிக்குப் பதிவேடு இருந்தது. எனக்குத் தேடிப் பார்க்க ஒரு தாள்கூட இல்லை.

கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே வாட் தாவோர்ன் வராராம் என்று ஒரு கோயில். வியட்நாமியப் பாணியில் இருக்கும் புத்தக் கோயில். பெயர் தெரியாத ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகளை எடுத்து வைத்து அங்கே ஒரு நினைவிடம் கட்டியிருக்காங்க. 2023-இல் தமிழ் அமைப்புகளின் முயற்சியில் அதே வளாகத்தில் தமிழர்களுக்காக ஒரு நடுகல்லும் நட்டிருக்காங்க. தமிழ்நாடு அரசும் நிதி கொடுத்தது. நடுகல் நமக்குப் புதுசில்லை. ஊருக்காகச் செத்தவனுக்குக் கல் நட்டுப் பெயர் எழுதுவது சங்க காலத்தில் இருந்தே நம்ம வழக்கம். 80 வருஷம் லேட்டானாலும் அந்த மரியாதை வந்துடுச்சு. ஆனா பெயர் எழுதத்தான் முடியல.

அங்கே நின்னு அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "பேரு ஏதாச்சும் எழுதியிருக்காங்களாடா?" என்று கேட்டார்.

"இல்லப்பா. யாரோட பேரும் இல்ல."

"சரி. கையில தண்ணி இருந்தா கொஞ்சம் ஊத்திட்டு வா."

என் பையில் பாதி பாட்டில் தண்ணி இருந்தது. ஊத்திட்டு வந்தேன்.

அப்போ நாம போகலாமா, கூடாதா?

"ஜாலியா சுத்த வந்த இடத்துல எதுக்குடா இதெல்லாம்?" என்று கூட வந்த நண்பன் காலையில் கேட்டான். நியாயமான கேள்விதான். சாயங்காலம் அவனே "நாளைக்கும் இங்கேயே இருந்து ஹெல்ஃபயர் பாஸ் பார்த்துட்டுப் போகலாமா?" என்றான். பாறையைக் கையாலேயே குடைந்து ரயில் விட்ட இடம் அது. ராத்திரி தீப்பந்த வெளிச்சத்தில் எலும்பும் தோலுமாக வேலை செய்ததைப் பார்த்துக் கைதிகள் வைத்த பெயர். அங்கே ஆஸ்திரேலியர்கள் அமைத்த மியூசியம் இருக்கு. வருஷா வருஷம் ஏப்ரல் 25 விடியற்காலையில் அஞ்சலி செலுத்த அந்த நாட்டில் இருந்து வர்றாங்க.

என் கருத்து, போகலாம். போகணும். டூரிஸ்டாகவே போகலாம், தப்பே இல்லை. யாருமே போகலைன்னா அந்த இடம் இன்னும் சீக்கிரம் மறந்துபோகும். போறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் படிச்சிட்டுப் போங்க. அங்கே யாருக்கெல்லாம் கல் இருக்கு, யாருக்கு இல்லை என்று பாருங்க. கல்லறைகளுக்கு நடுவில் ரீல்ஸ் வேண்டாம், அதை நான் சொல்லணும்னு இல்லை. பாலத்தில் எடுத்த என் செல்ஃபியை டெலீட் பண்ணச் சொல்லி ஃப்ரெண்ட் சொன்னான். பண்ணல. அன்னைக்குக் காலையில் எனக்கு எவ்வளவு தெரியாது என்பதற்கு அதுதான் அத்தாட்சி.

கடைசியா ஒரு வேண்டுகோள். உங்க வீட்டில் மலாயாவுக்கோ பர்மாவுக்கோ போய்த் திரும்பாதவங்க யாராவது இருந்தா, தாத்தா பாட்டிகிட்ட இப்பவே கேளுங்க. பெயர், ஊர், எந்தத் தோட்டம், கடைசிக் கடிதம் எப்போ வந்தது. எழுதி வைங்க. பழைய கடித உறை இருந்தால் தூக்கிப் போடாதீங்க. ராணுவம் எழுதாத பட்டியலை வீடுகள்தான் எழுதணும். இன்னும் பத்து வருஷம் போனா கேட்க ஆள் இருக்க மாட்டாங்க.

எங்க பெரிய தாத்தா பெயர் கருப்பையா. எழுதி வெச்சுட்டேன்.

அடுத்த வாரம் வேற ஒரு ஊர், வேற ஒரு கதையோட வர்றேன்.